திருகோணமலையின் பழைய கடைகளுக்கும் வீடுகளுக்கும் வரலாறு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருகோணமலையின் வரலாற்றை எழுத அமர்பவரின் கை கோட்டைக்கும் கோணேசர் மலைக்கும் துறைமுகத்துக்கும் தானாகவே போய்விடுகிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டியதும், 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்ததும், 1782 இல் ஒரே ஆண்டுக்குள் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் அதை மாறி மாறிக் கைப்பற்றியதும், 1795 இல் மீண்டும் வந்த பிரித்தானியர் 1803 இல் அதற்குப் பிரட்றிக் கோட்டை என்று பெயரிட்டதும் பலரால் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அங்கே தளம் அமைத்த பிரித்தானியக் கடற்படைக்குப் பாண் சுட்டவர் யார், சீருடை தைத்தவர் எந்த வீதியில் இருந்தார், பெரியகடையில் கருவாட்டை மொத்தமாக வாங்கியவர் அதை எங்கே அனுப்பினார், மத்திய வீதியின் ஓட்டுக் கடைகள் எப்போது மாடிக் கடைகளாயின என்பவை அவ்வாறு எழுதப்படவில்லை. அவற்றை எழுத விரும்பும் ஆசிரியர், மாணவர், ஓய்வுபெற்றவர், கடைக்காரரின் பிள்ளை ஆகியோருக்காகவே இந்த வழிகாட்டி.

வேலையின் வரிசை பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வரலாறு என்றால் ஆவணக் காப்பகத்தில் தொடங்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். நம் ஊரில் அதைத் தலைகீழாகச் செய்வதே புத்தி. கொழும்பில் உள்ள சுவடி அடுத்த ஆண்டும் அங்கே இருக்கும். எண்பது வயதைத் தாண்டிய கடைக்காரர் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. இன்று நிற்கும் பீலி ஓட்டுக் கூரை அடுத்த மாதம் இறக்கப்படலாம். ஆகவே விரைவில் அழியக்கூடியதை முதலிலும் நின்று நிலைப்பதைக் கடைசியிலும் தேட வேண்டும்: மனிதர், கட்டடம், வீட்டுக் கடதாசி, அரச ஆவணம் என்பதே இங்கு பின்பற்றப்படும் ஒழுங்கு.

முதற்படி: எல்லையைச் சுருக்குதல்

நகரம் முழுவதையும் எழுதத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டிருக்கிறார்கள். ஒரு வீதியின் ஒரு பக்கத்தையோ, இரண்டு சந்திகளுக்கு இடைப்பட்ட பகுதியையோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியகடையின் ஒரு வரிசை, உட்துறைமுக வீதியில் இறங்குதுறையை அண்டிய கடைகள், டைக் வீதியில் கடலைப் பார்த்த வீடுகள் போன்ற சிறு துண்டு ஒன்று ஒருவருக்குப் போதும்.

அந்தத் துண்டை நடந்து பார்த்து, ஒரு தாளில் கையால் வரைபடம் போட்டு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் நீங்களே ஓர் எண் கொடுங்கள். கடைப் பெயர் மாறும், சோலைவரி (ஆதன வரி) இலக்கமும் காணி பிரிக்கப்படும்போது மாறும். நீங்கள் கொடுத்த எண் மாறாது. புகைப்படம், ஒலிப்பதிவு, காணி உறுதியின் பிரதி அனைத்தும் இந்த எண்ணின் கீழேயே சேர வேண்டும். அதே நாளில் வீதியின் இரு பக்கங்களையும் தொடர்ச்சியாகப் படமெடுத்து வையுங்கள். அழகான முகப்பை மட்டும் எடுத்துவிட்டு, தகரம் அடித்த கடையையும் வெறும் வளவையும் விட்டுவிடக் கூடாது. வரிசையில் ஒரு வெறும் வளவு இருப்பதற்கும் காரணம் உண்டு. இந்த ஊரில் அந்தக் காரணமே பல வேளைகளில் வரலாற்றின் பெரும்பகுதியாக இருக்கிறது.

இரண்டாம் படி: முதியோரிடம் கேட்டல்

“இந்தக் கடையின் வரலாற்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், கிடைப்பது தாத்தா எவ்வளவு நல்லவர் என்ற பேச்சாகவே இருக்கும். பொருளைக் கேட்க வேண்டும். என்ன விற்றீர்கள், சாமான் எங்கிருந்து வந்தது, புகையிரதத்திலா லொறியிலா வந்தது, யார் கடன் தந்தார்கள், நீங்கள் யாருக்குக் கடன் கொடுத்தீர்கள், கடன் கொப்பியில் யாருடைய பெயர் அதிகமாக இருந்தது, வேலைக்கு நின்ற பெடியன்கள் எங்கே படுத்தார்கள், பூசைக்குக் கடை எந்த நாட்களில் பூட்டப்பட்டது என்பவை போன்ற கேள்விகளுக்கு மனிதர் நின்று நிதானித்துப் பதில் சொல்வார்கள். கடைக்கு வந்தவர்கள் எந்த வழியால் வந்தார்கள் என்பதையும் மறவாமல் கேளுங்கள். மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து சாமான் வாங்கிப் போனவர்களை நம்பிப் பிழைத்த கடைகளும், கிண்ணியாவுக்குப் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைப் படகு) ஓடிய காலத்தில் ஒரு மாதிரியும் 2009 இல் பாலம் திறந்த பின் வேறு மாதிரியும் வியாபாரம் நடந்த கடைகளும் இங்கே இருக்கின்றன.

ஆண்டைக் கேட்பதும் பயனற்றது. “அறுபத்திரண்டோ அறுபத்தைந்தோ” என்று வரும் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக, எல்லாரும் அறிந்த நிகழ்வுகளின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். திருகோணமலைக்கு இப்படியான நாட்காட்டி நன்றாகவே அமைகிறது. புகையிரதம் வந்தது 1927 இல். யப்பான்காரன் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தது 1957 இல். பெரும் புயல் அடித்தது 1964 டிசம்பர் பிற்பகுதியில். கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டது 1983 ஜூலையில். கடல் ஏறியது 2004 டிசம்பர் 26. “புயலுக்குக் கூரை போனது, பிறகுதான் சீற் போட்டோம்” என்று ஒருவர் சொன்னால், கட்டடத்தின் ஒரு மாற்றத்துக்கு ஆண்டு கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

இவற்றுள் 1957 ஐ நான் தனித்துக் குறிப்பிடுவேன். கடற்படைக்கு வேலை செய்தும் சாமான் கொடுத்தும் வாழ்ந்த ஒரு நகரத்தில், அந்தத் தளம் கைமாறியது கட்டடங்களில் எழுதப்படாவிட்டாலும் கணக்குகளில் எழுதப்பட்டிருக்கும். தையற்கடை எப்போது புடவைக் கடையானது, சலவைக்காரர் குடும்பம் எப்போது வேறு தொழிலுக்குப் போனது, ஆங்கிலப் பெயர்ப்பலகை எப்போது இறங்கியது என்ற கேள்விகள் அனைத்தையும் அந்த ஆண்டோடு பொருத்திப் பாருங்கள்.

ஒரே கட்டடத்தைப் பற்றித் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் என்று வெவ்வேறு குடும்பங்களிடம் கேட்க வேண்டும். உடைமையாளர் ஒரு சமூகம், வாடகைக்கு இருந்தவர் இன்னொரு சமூகம், வேலைக்கு நின்றவர் மூன்றாவது சமூகம் என்று அமைந்த கடைகள் எத்தனையோ. ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டு எழுதினால் மற்ற இருவரும் வரலாற்றிலிருந்து காணாமற் போவார்கள். ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள்; வன்செயல் காலத்தைப் பற்றிப் பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். அவர் சொன்னதில் எதைப் பெயரோடு எழுதலாம், எதைப் பெயரில்லாமல் எழுதலாம், எதை எழுதவே கூடாது என்பதை அந்த இடத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது பின்னர் பல சங்கடங்களைத் தவிர்க்கும்.

மூன்றாம் படி: கட்டடத்தை வாசித்தல்

இந்தப் படிதான் மிகவும் சுவையானது, ஏமாற்றக்கூடியதும் இதுவே. கட்டடத்தைக் கீழிருந்து மேலே பார்க்கப் பழகுங்கள்.

சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தைத் தேடுங்கள். கடற்கரை நகரமாகையால் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் பழைய சுவர்களில் காணப்படும். சாந்தை நகத்தால் சுரண்டினால் வெண்பொடியாக உதிருமாயின் அது சுண்ணாம்பு. சாம்பல் நிறமாகக் கடினமாக நின்றால் சீமெந்து. ஒரே சுவரில் இரண்டும் இருந்தால், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதைப் படமெடுங்கள். அந்தக் கோடுதான் திருத்த வேலையின் எல்லை. சுவரின் தடிப்பையும் அளந்து குறியுங்கள். மாடி பின்னர் ஏற்றப்பட்டதாயின் கீழ்ச்சுவருக்கும் மேற்சுவருக்கும் இடையே தடிப்பும் பொருளும் மாறுபடுவதை அனேகமாகக் காணலாம்.

வாசலில் கடையின் பலகைக் கதவு இன்னும் இருந்தால், அது பெரும் பேறு. சுருள் கதவு வருவதற்கு முன்னைய கடைகளில் நெடும்பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் செருகி அடைத்தார்கள். வரிசை தவறாமலிருக்க அவற்றில் இலக்கமும் இட்டார்கள். பலகை போயிருந்தாலும் நிலையில் மேலும் கீழும் காடி மிஞ்சியிருக்கும். விறாந்தைத் தூண்கள் பிற்காலத்தில் சுவரோடு சேர்த்து அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். விறாந்தையை அடைத்துக் கடைக்குள் சேர்ப்பதே வணிக வீதியில் மிகச் சாதாரணமாக நடக்கும் மாற்றம். அது எப்போது நடந்தது என்று தெரிந்தால், வியாபாரம் எப்போது பெருகியது என்பதும் ஓரளவு தெரியும்.

கூரைக்கு வருவோம். அரைவட்டப் பீலி ஓடு, தட்டையான மங்களூர் ஓடு, தகரம், அஸ்பெஸ்டஸ் சீற், கொங்கிறீற் தட்டு என்பதே பொதுவான காலவரிசை. என்றாலும் ஏழைக் கடைக்கும் பணக்காரக் கடைக்கும் இடையே இந்த வரிசை பல பத்தாண்டுகள் பிந்தும். மங்களூர் ஓட்டைத் திருப்பினால் உற்பத்தியாளரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றில் பாசல் மிசன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்ற ஆண்டும் காணப்படும். உடனே கட்டடம் 1865 ஐச் சேர்ந்தது என்று எழுதிவிடக் கூடாது. அது மங்களூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கப்பட்ட ஆண்டு. ஓடு அதற்குப் பல பத்தாண்டுகள் பின்னரும் சுடப்பட்டிருக்கலாம். ஓட்டிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே: கூரை அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல. மேல்மாடியைத் தாங்கும் இரும்பு உத்தரத்தில் டோர்மன் லோங் போன்ற ஆங்கிலேய உருக்கு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் இதே விதிதான். அந்த நிறுவனம் 1875 இல் தோன்றியது. உத்தரம் அதற்குப் பிந்தியது என்பதற்கு மேல் பெயரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பழைய பொருள் புதிய கட்டடத்தில் புகுவதையும் மறக்கக் கூடாது. கோவிலின் கல்லைக் கொண்டு கட்டிய கோட்டையை முன்னால் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. கோட்டை வாசலில் இணைக்கயல் பொறித்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அந்தக் கல்லின் வயது கோட்டையின் வயதாகாது. இடித்த வீட்டின் கதவு நிலையும் சன்னலும் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்வது அதன் சிறு வடிவம். ஆகவே ஒரு கட்டடத்துக்குக் குறைந்தது மூன்று பாகங்களாவது ஒரே காலத்தைச் சுட்டினால்தான் காலத்தை எழுத வேண்டும்.

நான்காம் படி: கடையிலும் வீட்டிலும் உள்ள கடதாசி

அலுவலகங்களுக்குப் போவதற்கு முன் கடையின் சுவரையே பாருங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் அங்கே சட்டமிட்டுத் தொங்கும். வியாபாரப் பெயர்களைப் பதியும் கட்டளைச்சட்டம் 1918 இல் வந்தது. ஆகையால் அதற்கு முன் தொடங்கிய கடைக்கும் சான்றிதழில் பிந்திய ஆண்டே இருக்கும். தந்தை இறந்தபின் மகன் பெயருக்கு மாற்றிப் பதிந்த ஆண்டைத் தொடக்க ஆண்டாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நிகழும் தவறு. சான்றிதழில் தொழிலின் தன்மை என்று குறிப்பிட்டிருப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்றைய கைத்தொலைபேசிக் கடையின் சான்றிதழில் “பலசரக்கும் பீங்கானும்” என்றிருப்பது வேடிக்கையல்ல, சான்று.

பேரேடு, பற்றுச்சிட்டை, கடிதத் தலைப்பு, கடை அச்சிட்டு வழங்கிய கலண்டர், கல்யாண அழைப்பிதழ், திறப்புவிழாப் படம் ஆகியவை பெட்டியில் கிடக்கும். படங்களில் மனிதரைத் தாண்டிப் பின்னணியைப் பாருங்கள்: எதிர்க்கடையின் பெயர்ப்பலகை, மின்கம்பம், வீதியின் நிலை ஆகியவை வேறு கட்டடத்துக்கும் உதவும். எதையும் இரவல் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். தொலைந்துபோன ஒரு படத்தால் ஒரு தெருவே உங்களுக்குக் கதவைச் சாத்தும்.

ஐந்தாம் படி: உறுதியும் காணிப் பதிவகமும்

கட்டடத்தின் காலத்தை நெருக்கிப் பிடிக்க உதவுவது காணி உறுதிதான். அதன் அட்டவணைப் பகுதியில் நான்கு எல்லைகளும், காணியின் பரப்பும், அதில் நிற்கும் கட்டடம், கிணறு, மரங்கள் பற்றிய விவரிப்பும் இருக்கும். ஓர் உறுதியை மட்டும் வாசித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த உறுதிகளை வரிசையாக வைத்தால்தான் பேசும். முந்தியதில் கிடுகுக் கடை என்றும் அடுத்ததில் ஓட்டுக் கட்டடம் என்றும் இருந்தால், இரண்டு திகதிகளுக்கும் இடையில் கட்டடம் எழுந்திருக்கிறது. எல்லையில் அயல் காணிக்காரரின் பெயர் வருவதால், ஒருவருடைய உறுதி பக்கத்து வீட்டு வரலாற்றுக்கும் சான்றாகிறது. அதனால்தான் முதற்படியில் தொடர்ச்சியான ஒரு வரிசையை எடுக்கச் சொன்னேன்.

குடும்பத்திடம் பழைய உறுதிகள் இல்லாவிட்டால், இருக்கும் உறுதியில் குறித்துள்ள பதிவு விபரத்தைக் கொண்டு காணிப் பதிவகத்தில் இடாப்புப் பக்கத்தின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் நடக்கும் பதிவு இது. அந்தப் பக்கத்தில் விற்பனை, நன்கொடை, சீதனம், குத்தகை, ஈடு ஆகியவை காலவரிசையில் வரும். வணிக வரலாறு எழுதுகிறவர் ஈட்டைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. காணியை யாரிடம் எப்போது ஈடு வைத்தார், எப்போது மீட்டார் என்பதில் கடையின் ஏற்றமும் இறக்கமும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். குடும்பத்தினர் சொல்ல மறந்ததும் மறைத்ததும் அங்கே இருக்கும். அதனாலேயே இந்தத் தகவலைக் குடும்பத்தின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. வழக்கில் இருக்கும் காணியானால் உறுதியை விட்டுவிடுங்கள். நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்ற கேள்வி எழுந்தால் மற்ற வேலைகளும் கெடும்.

உள்ளூராட்சி மன்றத்தின் சோலைவரி இடாப்பும் இதற்குத் துணை. ஆண்டு மதிப்பு ஒரே தடவையில் பெரிதாக உயர்ந்த இடத்தில், புதிய கட்டடமோ மாடியோ எழுந்ததா என்று தேடலாம்.

ஆறாம் படி: நூலகமும் சுவடிகளும்

இந்தப் படியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடைகளைப் பற்றி அரச ஆவணங்கள் அதிகம் பேசுவதில்லை. பேர்குசன் டிரெக்டரியில் ஊர்வாரியாகப் பெயர்களும் தொழில்களும் வரும். என்றாலும் ஆங்கிலத்தில் தொடர்பு வைத்திருந்தவர்களே பெரும்பாலும் அதில் இடம்பெற்றார்கள். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் கால, பிரித்தானியர் கால ஆவணங்கள் இருக்கின்றன. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள் வீதியின் வடிவத்தையும் காணித் துண்டுகளையும் காட்டும்.

விளம்பரங்களே உண்மையான புதையல். கோவில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், விளையாட்டுக் கழக மலர் ஆகியவற்றின் கடைசிப் பக்கங்களில் நகரின் கடைகள் வரிசையாக வாழ்த்துத் தெரிவித்திருக்கும். முகவரியும் விற்ற பொருளும் தொலைபேசி இலக்கமும் ஆண்டோடு கிடைக்கும். 1867 இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி, 1897 இல் தொடங்கிய இந்துக் கல்லூரி, 1923 இல் தொடங்கிய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி போன்ற நீண்ட வாழ்வுடைய பாடசாலைகளின் மலர்களைத் தேடுங்கள். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் ஈழத்து மலர்களும் பத்திரிகைகளும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. விளம்பரம் கொடுத்தவர் கடையைத் தம் வாயாலேயே விவரிக்கிறார் என்பதால், இதற்கு எந்த நிர்வாக அறிக்கையும் ஈடாகாது.

ஏழாம் படி: கதையைச் சான்றோடு உரசிப் பார்த்தல்

கோணேசர் மலையில் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயர் பொறித்த தூண் ஒன்று நிற்கிறது. காதலன் கப்பலேறிப் போனதைக் கண்டு அவள் மலையிலிருந்து கடலில் பாய்ந்தாள் என்று ஊரில் சொல்லாதவர் இல்லை. தூணில் இருப்பதோ பெயரும், குலமும், 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும், நினைவாக நிறுத்தப்பட்டது என்ற செய்தியும் மட்டுமே. காதலனும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. இதற்காகக் கதையை அழித்துவிட வேண்டியதில்லை. ஊர் அப்படிச் சொல்கிறது என்பதும் பதியப்பட வேண்டிய செய்திதான். தூண் சொல்வதையும் ஊர் சொல்வதையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல் எழுதினால் போதும். “நெல்சன் வந்து தங்கிய வீடு”, “ஒல்லாந்தர் கட்டிய கடை” போன்ற பெருமைகள் உங்கள் வீதியிலும் எதிர்ப்படும்; அவற்றையும் இவ்வாறே கையாள வேண்டும்.

கல்லறைகள் இதற்கு மாறாக நேரடிச் சான்றுகள். டொக்யாட் வீதியை அண்டிய பழைய ஆங்கிலேய மயானத்தில், நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியும் கடற்படைத் தளபதியுமான சார்ள்ஸ் ஒஸ்டின் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852 இல் பர்மாவில் இறந்தவர். பார்வையாளர் அவரைத் தேடிப் போகிறார்கள். நகர வரலாறு எழுதுகிறவர் பக்கத்துக் கற்களையும் வாசிக்க வேண்டும். ஊரில் தொழில் செய்தவர்கள், அவர்தம் குழந்தைகள் ஆகியோரின் பெயரும் ஆண்டும் அங்கேதான் கிடைக்கும். கத்தோலிக்க மயானங்களிலும் பள்ளிவாசல் மையவாடிகளிலும் அனுமதியோடு இதையே செய்யலாம். 1852 ஆம் ஆண்டைச் சேர்ந்த புனித மரியாள் பேராலயம் போன்ற ஆலயங்களின் திருமண, ஞானஸ்நானப் பதிவேடுகளில் தொழில் குறிக்கப்பட்டிருந்தால் அது கூடுதல் பயன்.

எட்டாம் படி: அனுமதியும் சட்டமும்

பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கோவிலுக்குப் போகும் பாதையில் தடையில்லை, மான்கள்கூட வழிவிடும், ஆனால் முகாம் கட்டடங்களைப் படமெடுக்க முன்னனுமதி வேண்டும். ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் அதனோடுள்ள ஹூட் கோபுரமும் கடற்படை வளாகத்துக்குள் இருப்பதால் எழுத்தில் விண்ணப்பிப்பதே நல்லது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் பக்கமும் அப்படியே. பழைய சுவரைத் தோண்டுவதும், கல்லைப் பெயர்த்து எடுப்பதும், நல்ல நோக்கத்தோடு செய்தாலும், 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச்சட்டத்தின் கீழ்க் குற்றமாகலாம். பார்த்து, அளந்து, படமெடுத்து விலகுவதே உங்கள் வேலை.

ஒன்பதாம் படி: எழுதுதலும் சேமித்தலும்

ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தனிக் கோப்பு வேண்டும். நீங்கள் கொடுத்த எண், இன்றைய பெயர், அறியப்பட்ட பழைய பெயர்கள், இருந்த வியாபாரங்கள் காலவரிசையில், கட்டட விவரிப்பு, மாற்றங்கள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். ஒவ்வொரு கூற்றின் ஓரத்திலும் கண்டது, கேட்டது, வாசித்தது என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். கேட்டதாயின் யாரிடம், எந்தத் திகதியில் என்றும், வாசித்ததாயின் எந்தத் தாளில் என்றும் சேருங்கள். இருவர் முரணாகச் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள்; சமரசம் செய்து நடுவில் ஒரு ஆண்டைப் போடுவது பொய்யான மூன்றாவது வரலாறு.

எரிந்த கடைகளையும், திரும்பி வராத குடும்பங்களையும் எழுதும்போது அடைமொழிகளைத் தவிர்த்து, எந்தக் கடை, எப்போது, அதன்பின் அந்த இடத்தில் யார் என்ன நடத்தினார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். புலம்பெயர்ந்தோரிடம் தொலைபேசியில் கேட்டால், உள்ளூரில் எவரிடமும் இல்லாத படங்கள் கனடாவிலும் இலண்டனிலும் கிடைப்பதுண்டு.

வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்து, திருத்தம் சொல்லக் காலம் கொடுங்கள். முடிந்த கோப்பின் பிரதிகளைப் பொது நூலகத்திலும், அருகிலுள்ள பாடசாலையிலும், எண்ணிம நூலகத்திலுமாக மூன்று இடங்களில் வையுங்கள். புயலையும் தீயையும் கடலையும் கண்ட நகரத்தில் ஒரே இடத்தில் எதையும் வைக்கக் கூடாது. அதன் பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை அதே வரிசையை அதே இடங்களில் நின்று படமெடுத்து, இறங்கிய கூரையையும் மாறிய பெயர்ப்பலகையையும் அந்தந்த எண்ணின் கீழ்த் திகதியோடு சேர்த்துவாருங்கள்.